வயிற்றில் என்ன இருக்கிறது?

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்து வார்டில் படுத்திருப்பவரிடம் முந்தின நாள் மாலை செவிலியர் வந்து சொல்லிவிட்டுப் போவார்: "ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல எதுவும் சாப்பிடக் கூடாது. பச்சைத் தண்ணிகூடக் கூடாது." ஏன் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், "மயக்க மருந்து கொடுக்கணும்ல" என்பதோடு பதில் முடிந்துவிடும். காரணம் சொல்லாமல் போடும் இந்த உத்தரவால் இரண்டு தரப்பு பாதிக்கப்படுகிறது. 'ஒரு வாய் டீதானே' என்று குடித்துவிட்டு, கேட்கும்போது மறைத்துவிடுகிறவர்கள் ஒரு தரப்பு. தங்கள் உயிரையே பணயம் வைக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. உத்தரவை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்து, மறுநாள் பகல் இரண்டு மணிவரை நாக்கு வறண்டு கிடக்கும் குழந்தைகளும் முதியவர்களும் மறு தரப்பு. அவர்கள் படும் பாட்டால் யாருக்கும் பயனில்லை. மயக்கவியல் மருத்துவராக இந்த இரு தரப்பையும் வாரந்தோறும் பார்க்கிறேன்.

தொண்டைவரை சோற்றுக்கும் காற்றுக்கும் ஒரே வழிதான். அதற்குக் கீழே முன்பக்கம் மூச்சுக்குழாய், பின்பக்கம் உணவுக்குழாய். ஒரு பருக்கை வழிதவறினாலும் நமக்குப் புரை ஏறுகிறது. பக்கத்தில் இருப்பவர் தலையில் தட்டுகிறார். கண்ணில் நீர் வழிய இருமி வெளியே தள்ளிவிடுகிறோம். நுரையீரலுக்குக் காவல் அந்த இருமல்தான். முழு மயக்கத்தில் அது எழாது. குரல்வளை தானாக மூடிக்கொள்ளாது. இரைப்பையின் மேல்வாயை இறுக்கிப் பிடித்திருக்கும் தசையும் தளர்ந்துவிடும். வாந்தி என்றால் உடல் உந்தித் தள்ள வேண்டும். இங்கே அந்த உந்துதலே தேவையில்லை. வயிற்றில் இருப்பது ஓசையில்லாமல் எதுக்களித்து வந்து, திறந்து கிடக்கும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும்.

வயிறு நிறைந்திருப்பவருக்கு மயக்கம் கொடுக்கும் அந்த ஒரு நிமிடம் எப்படிப் போகிறது என்பதைச் சொல்ல வேண்டும். தலைமாட்டில் மயக்க மருத்துவர் நிற்பார். அவர் வலது கை எட்டும் தூரத்தில், தலையணைக்கு அடியில், சக்‌ஷன் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். தேவைப்படும்போது போட்டுக்கொள்ளலாம் என்று அதை அணைத்து வைப்பதில்லை. மூன்று நிமிடம் முகமூடி வழியாகச் சுத்தமான ஆக்சிஜன். பிறகு தூக்க மருந்து; அதன் வாலைப் பிடித்தாற்போல் தசைகளைத் தளர்த்தும் மருந்து. சாதாரணமாக இந்த இடத்தில் பையை அழுத்தி மூச்சுக் கொடுப்போம். இவருக்கு இயன்றவரை கொடுக்க மாட்டோம். அந்தக் காற்று வயிற்றுக்குள் போய் அதை இன்னும் ஊதிவிடும். முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் காத்திருந்து, தசைகள் தளர்ந்ததும் லாரிஞ்சோஸ்கோப்பால் நாக்கை ஒதுக்கி, குரல் நாண்களுக்கு நடுவே டியூப்பைச் செலுத்தி, அதன் நுனியில் உள்ள சிறு பலூனை ஊத வேண்டும். பலூன் ஊதி, திரையில் கரியமில வாயுவின் அலை தெரிந்த பிறகுதான் அறையில் பேச்சுக் குரல் கேட்கும். அதற்குள் தொண்டையின் ஆழத்திலிருந்து பச்சையாகப் பித்தநீர் ஏறி வந்துவிட்டால் மேசையின் தலைப்பக்கத்தைச் சட்டென்று தாழ்த்த வேண்டும், முகத்தைத் திருப்ப வேண்டும், உறிஞ்ச வேண்டும். எல்லாம் சில நொடிகளில்.

பயமுறுத்துவது என் நோக்கமில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 2,15,488 முழு மயக்கங்களை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கணக்கில், வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போன நிகழ்வுகள் 67. ஏறக்குறைய 3,200 பேருக்கு ஒருவர். அவர்களிலும் பெரும்பாலானோருக்கு அடுத்த இரண்டு மணி நேரத்தில் எந்தத் தொந்தரவும் வரவில்லை. நாள் குறித்துச் செய்யும் அறுவைகளில் ஏறத்தாழ 3,900க்கு ஒன்று. அவசர அறுவைகளில் 900க்கு ஒன்று. அபூர்வம்தான். ஆனால் மயக்கத்தின்போது மூச்சுவழிக் கோளாறால் இறப்பவர்களில் இதற்குப் பலியாகிறவர்களின் பங்கு பெரிது. பிரிட்டன் முழுவதும் ஓராண்டு திரட்டிய தகவல்களைக் கொண்டு 2011இல் வந்த நான்காவது தேசியத் தணிக்கை, அத்தகைய இறப்புகளில் பாதிக்குக் காரணம் இதுவே என்றது. அந்த அறிக்கையில் என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. ஆபத்து இருப்பதைக் காட்டும் அறிகுறிகள் பல நோயாளிகளிடம் முன்கூட்டியே இருந்தன. யாரும் அவற்றைக் கேட்டு எடைபோடவில்லை, அல்லது கேட்டும் அதற்கேற்ற முறையைக் கையாளவில்லை.

'எதுவும் சாப்பிடாதே' என்ற கட்டளைக்கு வலுச் சேர்த்தது ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. நியூயார்க்கின் லையிங்-இன் மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவராக இருந்த கர்ட்டிஸ் மெண்டல்சன், 1932 முதல் 1945 வரை அங்கே பதிவான 44,016 கர்ப்பிணிகளின் கேஸ் தாள்களைப் புரட்டினார். அந்தக் காலத்தில் பிரசவ வலிக்கும் ஆயுதப் பிரசவத்துக்கும் முகமூடி வழியாக வாயுவும் ஈதரும் கொடுப்பார்கள். டியூப் போடும் வழக்கம் இல்லை. கொடுப்பவரும் பெரும்பாலும் பயிற்சி மருத்துவர். அப்படி மயக்கத்தில் இருந்தபோது வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போன 66 பெண்களை அவர் கண்டுபிடித்தார். இரண்டு பேர் கெட்டியான உணவு மூச்சுக்குழாயை அடைத்து மூச்சுத் திணறி இறந்திருந்தார்கள். திரவம் மட்டும் போனவர்கள் பிழைத்தார்கள். ஆனால் கடும் ஆஸ்துமா போல வீசிங், நீலம் பாய்ந்த உடல், படபடக்கும் இதயம் என்று பெரும்பாடு பட்டுப் பிழைத்தார்கள்.

மெண்டல்சன் அதோடு நிற்கவில்லை. முயல்களின் நுரையீரலுக்குள் அமிலத்தைச் செலுத்திப் பார்த்தார். இரைப்பைத் திரவத்தை அப்படியே செலுத்திப் பார்த்தார். பிறகு அதே திரவத்தின் அமிலத்தன்மையை முறித்துவிட்டுச் செலுத்தினார். அமிலம் உள்ளது போன முயல்களுக்கெல்லாம் அந்தப் பெண்களுக்கு வந்த அதே நோய் வந்தது. அமிலம் முறிக்கப்பட்டது போனவற்றுக்கு வரவில்லை. அடைத்துக் கொல்வது கெட்டி உணவு, வேக வைப்பது அமிலம் என்று இரண்டையும் அவர் பிரித்துக் காட்டிய 1946ஆம் ஆண்டுக் கட்டுரையின் பேரில்தான் இந்த நோய் இன்றும் மெண்டல்சன் நோய்க்குறித் தொகுப்பு என்று அழைக்கப்படுகிறது. பிரசவ வலியில் உணவு கொடுக்காதீர்கள், அமிலத்தை முறிக்கும் மருந்து கொடுங்கள், முடிந்தால் முழு மயக்கத்தைத் தவிர்த்து மரத்துப்போகும் ஊசி போடுங்கள், மயக்கம் கொடுப்பவர் தேர்ந்தவராக இருக்கட்டும் என்று பல பரிந்துரைகள் அதில் இருந்தன. உலகம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது முதல் ஒன்றைத்தான். அதையும் நாளடைவில் எல்லா நோயாளிகளுக்கும், தண்ணீருக்கும் சேர்த்தே நீட்டிவிட்டது.

நல்லவேளையாக மற்றவையும் மெல்ல வந்து சேர்ந்தன. இன்று நம் ஊரில் சிசேரியன்கள் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, தாய் விழித்திருக்கும்போதே நடக்கின்றன. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019-21இல் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இத்தனை லட்சம் தாய்மார்களும் முழு மயக்கத்துக்குப் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், அந்த மெல்லிய முதுகு ஊசிமேல் பெருமரியாதை வருகிறது. கர்ப்பத்தில் ஹார்மோன்கள் இரைப்பை வாயைத் தளர்த்துகின்றன. வளரும் கருப்பை கீழிருந்து அழுத்துகிறது. வலி எடுத்துவிட்டால் செரிமானமே ஏறக்குறைய நின்றுவிடுகிறது. சாப்பிட்டு எட்டு மணி நேரம் ஆனாலும் அவர்களை வயிறு நிறைந்தவர்களாகவே நாங்கள் நடத்துவது அதனால்தான்.

1961இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் பிரையன் செலிக் எளிய யோசனை ஒன்றைச் சொன்னார். குரல்வளைக்குச் சற்றுக் கீழே இருக்கும் கிரிகாய்டு குருத்தெலும்பு முழு வளையமாக இருக்கும். உதவியாளர் அதை இரண்டு விரல்களால் பின்னோக்கி அழுத்தினால், பின்னால் இருக்கும் உணவுக்குழாய் முதுகெலும்போடு நசுங்கி மூடிக்கொள்ளும். அவர் முயன்றது 26 பேரிடம். அவர்களில் மூவருக்கு, டியூப் போட்டு விரலை எடுத்த உடனே வயிற்றிலிருந்து திரவம் தொண்டைக்கு வந்தது. அந்தச் சின்னஞ்சிறு ஆய்வின் பேரில் உலகமே அறுபது ஆண்டுகளாகக் கழுத்தை அழுத்திவருகிறது. பிரான்சில் 3,472 நோயாளிகளிடம் உண்மையாக அழுத்தியும் அழுத்துவதுபோல் பாவனை செய்தும் பார்த்த ஆய்வு 2019இல் வந்தது. இரு பிரிவிலும் நுரையீரலுக்குள் போனது ஏறத்தாழ ஒரே அளவு, இருநூறில் ஒருவருக்கு. அழுத்திய பிரிவில் டியூப் போடுவது சற்றுச் சிரமமாகவும் இருந்தது. மருத்துவர்களிடையே விவாதம் இன்னும் ஓயவில்லை. தேர்ந்த உதவியாளர் இருந்தால் அழுத்தலாம், குரல்வளை தெரியாமல் மறைந்தால் உடனே விட்டுவிட வேண்டும் என்பது என் நிலை. விரலை மட்டும் நம்பி வயிற்றை விசாரிக்காமல் விடக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விசாரிப்பது என்றால் கடிகாரக் கணக்கு. தண்ணீர் குடித்தால் அதில் பாதி 10 முதல் 20 நிமிடங்களில் இரைப்பையைக் கடந்துவிடுகிறது. கெட்டி உணவு அரைபட்டுக் கூழாகிப் போகப் பல மணி நேரமாகும். எண்ணெயும் நெய்யும் மாமிசமும் சேர்ந்தால் இன்னும் கூடுதல். கனடாவின் கால்கரியில் மால்ட்பி குழுவினர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு 150 மில்லி தண்ணீர் குடித்தவர்களின் வயிற்றில், குடிக்காமல் இருந்தவர்களைவிடக் குறைவான திரவமே இருந்தது. பிறகு பல நாடுகளில் செய்த ஆய்வுகளும் இதே திசையில் சென்றன. இன்று பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு இது: தெளிந்த நீர் வகைகளுக்கு 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, மற்ற பாலுக்கும் இட்லி போன்ற இலகுவான உணவுக்கும் 6, பிரியாணி, பரோட்டா, வறுவல் போன்றவற்றுக்கு 8. நள்ளிரவுக்குப் பிறகு பொதுவாகப் பட்டினி போடுவதை அமெரிக்க மயக்கவியல் சங்கம் 1999இலேயே கைவிட்டது. நம் நாட்டின் மயக்கவியல் மருத்துவர் சங்கமும் இதற்கென வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது.

நம் வீடுகளில் குழப்பம் வருவது 'தெளிந்த நீர்' எது என்பதில். அடியில் வைத்த எழுத்து இந்தப் பக்கமிருந்து தெரிய வேண்டும். தண்ணீர், வடிகட்டிய ஆப்பிள் சாறு, பால் கலக்காத கட்டன் சாயா எல்லாம் அதில் சேரும். நாம் டீ என்று சொல்வது சேராது. அதில் பால் இருக்கிறது. வயிற்றுக்குள் அமிலம் பட்டுத் திரிந்து கெட்டி உணவுபோல் ஆகிவிடும். காலை ஆறு மணிக்குக் குடித்த ஒரு டம்ளர் டீ, பத்து மணி அறுவையைத் தள்ளிவைக்கக் காரணம் இதுதான். நீராகாரமும் கஞ்சியும் மோரும் அப்படியே. இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் ஒரு மடக்குத் தண்ணீரோடு போடச் சொல்லியிருப்போம். அதையும் 'வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னாங்களே' என்று விட்டுவிட்டு, மேசையில் 200ஐத் தொடும் அழுத்தத்தோடு வருகிறவர்கள் உண்டு.

இத்தனை தெளிவாக இருந்தும் ஏன் இன்னும் பன்னிரண்டு மணி உத்தரவு? ஆஸ்பத்திரிக்கு அது வசதி. அறுவைப் பட்டியலில் எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேருக்கும் ஒரே வாக்கியம் போதும். யாரை முன்னே தள்ளினாலும் சிக்கலில்லை. குறித்த நல்ல நேரத்துக்குள் குழந்தை பிறக்க வேண்டும், ராகு காலத்துக்கு முன் தொடங்க வேண்டும் என்று குடும்பத்தார் கேட்டு வரிசை மாறுவதும் நடக்கிறது. அந்த வசதிக்கு விலை கொடுப்பது வரிசையின் கடைசியில் இருப்பவர். நான்கு வயதுக் குழந்தைக்கு இரவு எட்டு மணிக்குச் சோறூட்டித் தூங்கவைத்தால், மறுநாள் மதியம் ஒரு மணிக்கு அறுவை என்றால் 17 மணி நேரம் அது எதுவும் உண்ணவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டு, நரம்பு கிடைக்காமல், மூன்று இடத்தில் குத்து வாங்கி அழும். மயக்கம் கொடுத்ததும் இரத்த அழுத்தம் சரியும். வயிறோ காலி ஆகியிருக்காது. இரைப்பை தன் அமிலத்தைத் தானே சுரந்துகொண்டிருக்கும். ஐரோப்பியக் குழந்தை மயக்கவியல் அமைப்புகள் 2018இல் ஒருமித்து, ஆரோக்கியமான குழந்தைகளுக்கு அறுவைக்கு ஒரு மணி நேரம் முன்புவரை தண்ணீர் கொடுக்கலாம் என்றன. இங்கே ஒரு மணி நேரம் இல்லாவிட்டாலும், அந்த இரண்டு மணி நேரக் கணக்கையாவது கடைப்பிடித்தால் எவ்வளவோ மாறும்.

பசி பொறுக்காத பேரனுக்குப் பாட்டி கழிவறைக்குக் கூட்டிப்போகும் சாக்கில் இரண்டு பிஸ்கட் கொடுத்துவிடுகிறார். 'பச்சப் புள்ள எப்படித் தாங்கும்' என்பதுதான் அவர் நெஞ்சில் இருப்பது. அறுவை அரங்க வாசலில் நான் கேட்கும்போது அவர் வாய் திறப்பதில்லை. திறந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்: செவிலியர் திட்டுவார், அறுவை தள்ளிப்போகும், மகன் லீவு போட்டு வந்தது வீண், ஊரிலிருந்து வந்த வேன் வாடகை வீண், காப்பீட்டு அனுமதி என்னவாகுமோ என்ற கவலை வேறு. உண்மை சொன்னால் தண்டனை என்ற நிலையை நாம்தான் உருவாக்கியிருக்கிறோம். கேட்கும் விதமும் அப்படியே. "எதுவும் சாப்பிடலையே?" என்று கேட்டால் வருகிற பதில் "இல்லை" மட்டும்தான். "கடைசியா என்ன சாப்பிட்டான், எத்தனை மணி இருக்கும் பாட்டி? சொன்னா திட்ட மாட்டேன், கொஞ்சம் பொறுத்துச் செய்யலாம்" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், பத்தில் எட்டுப் பேர் சொல்லிவிடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

சிறு நர்சிங் ஹோம்களில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இருப்பதில்லை. ஒரே நாளில் நான்கு ஆஸ்பத்திரிகளுக்கு பைக்கில் ஓடும் மயக்க மருத்துவர் நோயாளியை முதன்முதலாகப் பார்ப்பது மேசையில்தான். அறுவை மருத்துவர் கையுறை போட்டு நிற்கிறார். அந்த நிலையில் "நிறுத்துங்கள், இவர் நெஞ்செரிச்சலுக்குப் பத்து வருடமாக மாத்திரை போடுகிறார், கேஸின் முறையை மாற்றுகிறேன்" என்று சொல்ல மிகுந்த மனத்திண்மை வேண்டும். முந்தின நாளே அவர் நோயாளியைப் பார்க்க வழிசெய்து, அதற்கான கட்டணத்தையும் தனியாகக் கொடுப்பது ஆஸ்பத்திரி நிர்வாகங்களின் கடமை. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், மயக்கம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று: மூச்சுவழி கடினமானதா, வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டா? பல இடங்களில் அந்தத் தாளை அறுவை முடிந்த பிறகு மொத்தமாக டிக் அடித்துக் கோப்பில் வைக்கிறார்கள்.

கடிகாரம் உதவாத நோயாளிகளும் உண்டு. மாலை ஐந்து மணிக்குத் தின்பண்டம் தின்றுவிட்டு ஐந்தரைக்குச் சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட சிறுவனை மறுநாள் காலை மேசையில் போட்டாலும், வயிற்றில் அந்தத் தின்பண்டம் மிச்சமிருக்கலாம். வலியும் பயமும் வலிக்காகப் போட்ட ஊசியும் இரைப்பையை உறையவைத்துவிடுகின்றன. குடலடைப்பில் மேலிருந்து எவ்வளவு நேரம் பட்டினி போட்டாலும் கீழிருந்து திரவம் எதிர்த்து வரும். நெடுநாள் சர்க்கரை நோயில் இரைப்பையின் நரம்புகளே பழுதாகிவிடுகின்றன. இப்படிப்பட்டவர்களுக்கு வயிற்றின் மேல்பகுதியில் அல்ட்ராசவுண்டு வைத்து ஐந்து நிமிடத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஆனால் நம் நாட்டில் அந்தக் கருவியை நினைத்த இடத்தில் வைத்துக்கொள்ள முடியாது: கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு அல்ட்ராசவுண்டு கருவியும் பதிவுக்கும் இடக் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டது. பெண் சிசுக்களைக் காக்கும் அந்தச் சட்டம் தளரக் கூடாது. அதே நேரம், அறுவை அரங்குகளில் வயிற்றையும் நுரையீரலையும் பார்க்கும் கருவிக்குத் தெளிவான, விரைவான அனுமதி முறை ஒன்றை அரசு வகுத்துக் கொடுக்க முடியும்.

இதைவிட அவசரமான சிக்கல் இப்போது வாசலில் நிற்கிறது. சர்க்கரைக்கும் எடைக் குறைப்புக்கும் போடும் செமாகுளூடைடு, டிர்செபடைடு வகை மருந்துகள் பசியைக் குறைப்பதோடு இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகின்றன. செமாகுளூடைடு மாத்திரை 2022இல் இந்தியாவுக்கு வந்தது. வாரம் ஒருமுறை போடும் டிர்செபடைடு ஊசி 2025 மார்ச்சில் வந்தது. செமாகுளூடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச்சுடன் முடிவதால் விலை இறங்கும், போடுகிறவர்கள் பெருகுவார்கள். ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். இந்த ஊசி போட்டவர் எட்டு மணி நேரம் ஒழுங்காகப் பட்டினி கிடந்து வந்தாலும் வயிற்றில் முந்தின நாள் உணவு கிடக்கலாம். அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2023இல், வார ஊசியை அறுவைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னது. அடுத்த ஆண்டு பல சங்கங்கள் சேர்ந்து, பெரும்பாலோர் ஊசியைத் தொடரலாம், அபாயம் உள்ளவர்கள் முந்தின 24 மணி நேரம் திரவ உணவு மட்டும் எடுக்கட்டும் என்று திருத்தின. எதைப் பின்பற்றுவதானாலும் நோயாளி அந்த ஊசி போடுவது மயக்க மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும். சர்க்கரை மாத்திரைகளைப் பட்டியலிடும் பலர், எடை குறைக்கப் போடும் ஊசியை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சிலர் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள்.

ஆகவே அரசு, தனியார் என்று எல்லா ஆஸ்பத்திரிகளிலும் அறுவைக்கு நாள் குறிக்கும் அன்றே தமிழில் அச்சிட்ட ஒரு தாளை நோயாளியின் கையில் கொடுக்க வேண்டும். கடைசியாகச் சோறு எத்தனை மணிக்கு, பால் டீ எத்தனை மணிக்கு, தண்ணீர் எத்தனை மணிக்கு என்று அவருடைய அறுவை நேரத்தைக் கணக்கிட்டுப் பேனாவால் எழுதியிருக்க வேண்டும். அறுவை தள்ளிப்போனால் அந்த நேரங்களை வார்டில் யார் திருத்தி எழுதுவார், யார் போய்த் தண்ணீர் குடிக்கச் சொல்வார் என்று ஒரு பொறுப்பாளரின் பெயர் இருக்க வேண்டும். ஏன் இந்தக் கட்டுப்பாடு என்பதற்கு மூன்று வரி விளக்கம். நெஞ்செரிச்சல் உண்டா, வார ஊசி போடுகிறீர்களா, கடைசியாகப் போட்ட தேதி எது என்ற கேள்விகள். கீழே ஒரு கைபேசி எண். தவறிச் சாப்பிட்டுவிட்டால் எந்த நேரத்திலும் அதில் கூப்பிட்டுச் சொல்லலாம், அதற்காக அறுவை ரத்தாகாது, புதிய நேரம் அன்றைக்கோ மறுநாளோ கொடுக்கப்படும் என்று ஆஸ்பத்திரியின் கையெழுத்தோடு.